ட்ரிப் ஏறுவதற்கு முன்

ஓய்வு பெறும் வயது எனக்கு இன்னும் ஆகவில்லை. நான் நின்று வேலை பார்த்த மேசைக்குத்தான் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். தாம்பரத்தில் எங்கள் தாய்-சேய் மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடம் இந்த மாதத்தோடு மூடப்படுகிறது. இனி ஒரு பைக் வரும். ரத்தம் எடுத்த குழாய்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு போகும். ரிசல்ட் செல்போனில் வரும். நம்முடையதைவிட நல்ல மெஷின்கள் இருக்கும் இடத்துக்குத்தான் போகிறது, அதில் எனக்குக் குறையொன்றும் இல்லை. எனக்கும் ஒரு பாராமெடிக்கல் கல்லூரியில் செய்முறை வகுப்பு எடுக்கும் வேலை கிடைத்திருக்கிறது.

சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது ஷாலினி வந்து பக்கத்தில் நின்றாள். எங்கள் லேபில் கடைசியாகச் சேர்ந்த டெக்னீஷியன் அவள்.

"அண்ணா, ரொம்ப நாள் டவுட்டு. எல்லா ரத்தத்தையும் சிஸ்டர்ஸே எடுத்துக் கீழ அனுப்புறாங்க. மாசா மாசம் ட்ரிப் போட வர்ற பசங்களுக்கு மட்டும் நீங்க ஏன் காலங்காத்தால மாடி ஏறிப் போய் எடுக்குறீங்க?"

"அது பெரிய கதைம்மா."

"அப்ப எழுதிக் குடுங்க. புது லேபுல போய் 'எங்க அண்ணா அப்படித்தான் பண்ணுவாரு'ன்னு சொன்னா சிரிப்பாங்க."

அதனால் எழுதுகிறேன்.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. சாலை ஓரத்தில் அப்பா இளநீர் வெட்டி விற்றார். அம்மா பக்கத்து அடுக்குமாடிகளில் வீட்டு வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். பன்னிரண்டு முடித்து, லேப் டெக்னீஷியன் டிப்ளமா படித்தேன். ரத்தத்தைச் சுழற்றினால் மேலே தெளிந்து நிற்கும் நீருக்கு சீரம் என்று பெயர் என்பதைப் படித்த அன்று, பெருமையாக வந்து அப்பாவிடம் சொன்னேன். "இளநி மாதிரி கீதுன்னு சொல்லு" என்றார். அதற்குப் பிறகு ஒரு வாரம் எனக்கு இளநீர் தொண்டையில் இறங்கவில்லை. படிப்பு முடிந்தது, இந்த மருத்துவமனையில் வேலை கிடைத்தது. அம்மா தெருவில் எல்லோரிடமும் பையன் டாக்டர் ஆகிவிட்டான் என்று சொல்லிவிட்டார். அந்தப் பொய்யைத் திருத்த எனக்கு இரண்டு வருடம் ஆனது.

லேபுக்குத் தலைவர் டாக்டர் சுகந்தி மேடம். சேலையூர்க்காரர். பருத்திப் புடவை, அதற்குக் கீழே ஓட்டப்பந்தய ஷூ, கோட்டுப் பையில் ஒரு சின்ன டார்ச். லேப் டாக்டருக்கு டார்ச் எதற்கு என்று முதல் நாளே எனக்குச் சந்தேகம். லேப் டாக்டர் என்றால் நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறவர் என்றுதான் நினைத்திருந்தேன். மேடம் உட்கார்ந்து நான் பார்த்தது குறைவு. விசித்திரமாக ஒரு ரிசல்ட் வந்தால் முதலில் மெஷினிடம் வருவார், சரியாக ஓடியிருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு மாடிப்படி ஏறி வார்டுக்குப் போய் அந்தக் குழந்தையைப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் பேனாவைத் திறப்பார். போகும்போது எங்களில் யார் மெஷினில் நிற்கிறாரோ அவரையும் இழுத்துக்கொண்டு போவார்.

"வேலை கிடக்கு மேடம்" என்று ஒருமுறை சொன்னேன்.

"இதுவும் வேலைதான் ஏழுமலை. நீ போட்ட ரிசல்ட்டு யாருதுன்னு ஒரு தடவை பாத்துட்டு வா. அடுத்த தடவை கை தானா ஜாக்கிரதையா இருக்கும்."

அவர் வந்த புதிதில் செய்த ஒரு காரியத்தைச் சொல்லவேண்டும். நம் உடம்பு கிருமிகளுக்கு எதிராகத் தயாரிக்கும் புரதங்களுக்கு இம்யூனோகுளோபுலின் என்று பெயர். ஐ.ஜி.ஜி., ஐ.ஜி.ஏ., ஐ.ஜி.எம். என்று மூன்று வகைகளை நாங்கள் அளப்போம். குழந்தைகள் சொந்தமாக இவற்றைச் செய்யும் அளவு பிறந்த பிறகு மெல்ல மெல்லத்தான் ஏறும். ஒரு வயதுக் குழந்தைக்குச் சரியான அளவு பெரியவர்களுக்குக் குறைவு. எங்கள் மெஷினிலோ பெரியவர்களின் அளவுதான் ஏற்றப்பட்டிருந்தது. அதனால் சின்னப் பிள்ளை யாருக்குப் போட்டாலும் பக்கத்தில் 'குறைவு' என்று ஒரு அம்புக்குறி விழும். எல்லாப் பிள்ளைக்கும் விழுகிற அம்புக்குறியை யார் மதிப்பார்கள்? வார்டு டாக்டர்களும் மதிப்பதில்லை, நாங்களும் மதிப்பதில்லை. "பசங்களுக்கு அப்படித்தான் வரும் சார்" என்று போனில் நாங்களே ஆறுதல் சொல்வோம். மேடம் வந்த முதல் வாரத்திலேயே கம்பெனி ஆளைக் கூப்பிட்டு, பக்கத்தில் நின்று, வயது வாரியாக அளவுகளை மாற்றி ஏற்றவைத்தார். அதன் பிறகு அம்புக்குறி எப்போதாவதுதான் விழுந்தது. விழுந்தால் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம்.

அப்படித் திரும்பிப் பார்த்த ஒரு பிள்ளைதான் சரண்.

பெரும்பாக்கம் குடியிருப்பில் எட்டாவது மாடியிலிருந்து வந்த பிள்ளை. அப்போது நான்கு வயது. அம்மா தேவி ஓ.எம்.ஆரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங். அப்பா பெயிண்டர். பிள்ளைக்குக் காதில் சீழ் நிற்கவே இல்லை. நிமோனியாவுக்காக எங்களிடமே மூன்றாவது முறையாகப் படுத்திருந்தான். வேறு எங்கேயோ டி.பி. மருந்துகூடக் கொடுத்து முடித்திருந்தார்கள். அன்று வந்தது சாதாரண ரத்தப் பரிசோதனைதான். கல்லீரல், புரதம், அவ்வளவு. மேடம் கையெழுத்துப் போடப் போனவர் நிறுத்திவிட்டார்.

"இங்க வா. மொத்தப் புரதம் பாரு. அதுல அல்புமினைக் கழி. மிச்சம் எவ்வளவு?"

கழித்தேன். மிச்சம் ரொம்பக் குறைவு.

"அந்த மிச்சத்துலதான் எதிர்ப்புப் புரதம் எல்லாம் இருக்கணும். இருமிட்டே இருக்கிற பையனுக்கு அது ஜாஸ்தியா இருக்கணுமே? இவனுக்கு ஏன் காலியா கிடக்கு? சீரம் இன்னும் இருக்கா?"

இருந்தது. ஐ.ஜி.ஜி. போட்டேன். சீரத்தோடு பரிசோதனை மருந்து சேர்ந்தால், ஐ.ஜி.ஜி. இருக்கும் அளவுக்கு லேசாகக் கலங்கும். அந்தக் கலங்கலை மெஷின் வெளிச்சம் பாய்ச்சி அளந்து திரையில் ஒரு கோடாக ஏற்றிக் காட்டும். சரணுக்குக் கோடு தரையிலேயே படுத்துக் கிடந்தது. மெஷின் கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். அளவு தெரிந்த கன்ட்ரோல் சீரத்தைப் போட்டேன், அது அழகாக ஏறியது. மெஷின் வழக்கமாக சீரத்தை நீர்க்கவைத்துத்தான் அளக்கும். துளி இருந்தாலும் தெரியட்டும் என்று நீர்க்காமல் அப்படியே போடச் சொன்னார் மேடம். அப்போதும் கோடு எழுந்திருக்கவில்லை. ஐ.ஜி.ஏ., ஐ.ஜி.எம். இரண்டும் அதே கதை.

மேடம் டார்ச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு கிளம்பினார். நானும் பின்னாலேயே போனேன்.

"சரண், வாயைத் திற. உள்ள சிங்கம் இருக்கான்னு பாப்போம்."

தேவி குறுக்கே வந்தார். "இன்னா மேடம், தொண்டைய பாக்குறீங்கோ? இவனுக்கு நெஞ்சுலதான சளி கீது."

மேடம் பார்த்துவிட்டு, என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். நான்கு வயதுப் பிள்ளைக்குத் தொண்டையின் இரு பக்கமும் டான்சில் சதை புடைத்து நிற்கும். இவனுக்கு இரண்டு பக்கமும் சுவர் போல வழவழவென்று இருந்தது.

"டான்சில் இல்லம்மா இவனுக்கு."

"நல்லதுதான மேடம்? எதிர் வூட்டுப் பொண்ணுக்கு ஆபரேஷன் பண்ணில்ல எட்த்தாங்கோ? இவனுக்கு ஆண்டவனே எட்த்துட்டான்."

மேடம் சிரிக்கவில்லை. கட்டிலில் தேவியின் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்த சில தடவைகளில் அது ஒன்று.

"உங்க அம்மா வீட்டுல சின்ன வயசுல இறந்துபோன ஆம்பளைப் பசங்க யாராவது உண்டா?"

"எனக்கு ஒரு அண்ணன் இருந்துகிறான். மூணு வயசுல நெஞ்சு சளியில போய்ட்டானாம். நான் பாத்ததில்ல. அது இன்னாத்துக்கு மேடம் இப்போ?"

மேடம் சொன்னார். கிருமி வந்தால் அதை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ளும் புரதத்தைச் செய்ய உடம்பில் தனியாக அணுக்கள் இருக்கின்றன. அவை முற்றி வளர்வதற்கான வழி இந்தப் பிள்ளைக்குப் பிறவியிலேயே அடைபட்டிருக்கலாம். டான்சிலில் பெரும்பகுதி அந்த அணுக்கள்தான், அதனால்தான் அது வளரவில்லை. இது பெண்கள் வழியாக வந்து ஆண் பிள்ளைகளைப் பிடிக்கும் கோளாறு.

தேவி கழுத்தில் தொங்கிய கம்பெனி அடையாள அட்டையைத் திருகிக்கொண்டே கேட்டார். "அப்போ கேட்டாண்ட செக்யூரிட்டியே இல்லன்றீங்கோ."

"அதேதான்மா. நான் இவ்வளவு நேரம் சுத்தி வளைச்சேன், நீங்க ஒரே வரியில சொல்லிட்டீங்க."

உறுதி செய்ய ஒரு பரிசோதனை பாக்கி. ரத்தத்தில் அந்த அணுக்களையே எண்ணிப் பார்க்கும் மெஷின் எங்களிடம் கிடையாது. கிண்டிப் பக்கம் ஒரு பெரிய லேபில் இருந்தது. ரத்தம் அன்றைக்கே போய்ச் சேரவேண்டும். அதிலும் ஐஸில் வைக்கக் கூடாது, அணுக்கள் கெட்டுவிடும். எந்த ரத்தத்தையும் ஐஸில் வைத்தே பழகிய கை எங்களுடையது. கூரியரை நம்பினால் ஐஸில்தான் வைப்பான் என்று மேடம் என்னையே அனுப்பினார். அங்கே அந்த அணுக்கள் இருக்கவேண்டிய இடம் வெறிச்சென்று இருந்தது என்று மாலையில் ரிசல்ட் வந்தது.

மருந்து இருக்கிறது. ரத்ததானம் செய்த ஆயிரக்கணக்கானவர்களின் எதிர்ப்புப் புரதத்தைப் பிரித்தெடுத்துச் செய்த மருந்து. மாதத்துக்கு ஒருமுறை ட்ரிப்பில் ஏற்றவேண்டும், வாழ்நாள் முழுக்க. மேடமும் வார்டு டாக்டரும் அலைந்து அரசுக் காப்பீட்டில் சேர்த்துக் கொடுத்தார்கள். சரண் மாதந்தோறும் வரத் தொடங்கினான்.

இனி ஷாலினியின் கேள்விக்கு வருகிறேன்.

ஏற்றிய மருந்து உடம்பில் மெல்லக் கரையும். அடுத்த ட்ரிப் போடுவதற்குச் சற்று முன்னால் அது எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்தால்தான் கொடுக்கிற அளவு போதுமா என்று தெரியும். சரணுக்கு அந்த அளவு நன்றாகவே இருந்தது. மாதா மாதம் நன்றாகவே இருந்தது. எடை கூடியும் டோஸைக் கூட்டவில்லை, தேவைப்படவில்லை. ஆனால் பையன் இருமினான். ஒரு மழைக்காலத்தில் திரும்பவும் நிமோனியா வந்து படுத்தான்.

மேடம் என் மேசைக்கு வந்து நின்றார். "நம்பர் நல்லா இருக்கு. பையன் நல்லா இல்ல. ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுது. பையன் பொய் சொல்ல மாட்டான்."

மெஷினைப் பார்த்தோம். கன்ட்ரோல் எல்லாம் சரி. அடுத்த ட்ரிப் நாளன்று மேடம் காலையில் வீட்டிலிருந்து நேரே வார்டுக்குப் போய் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். என்னையும் வரச் சொல்லியிருந்தார். யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்.

வார்டு சிஸ்டர் ஸ்டெல்லா அக்கா. தங்கமான மனுஷி. தேவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"வா தேவி. மதியம் ஷிஃப்ட்டா இன்னைக்கும்?"

"ஆமாக்கா. லேட்டுன்னா சூப்பர்வைசர் கத்துவான், பேஜாரு."

"நீ கவலைப்படாத. பாட்டில் ரெடியா வச்சிருக்கேன். லேப் ஆளு வர்றப்ப வரட்டும், அந்தக் கையில எடுத்துக்கட்டும்."

ஊசியைப் போட்டார், ட்ரிப் ஓடத் தொடங்கியது. பத்து மணி வாக்கில், அந்த நாட்களில் வார்டு வார்டாகப் போய் ரத்தம் எடுத்த எங்கள் லேப் ஆள் வந்தார். சரணின் மற்றொரு கையில் எடுத்தார். குழாயில் பெயர் ஒட்டினார். போய்விட்டார். எல்லாம் ஒழுங்காக, அன்பாக, சிரித்த முகத்தோடு நடந்தது. மாதா மாதம் நாங்கள் அளந்து மகிழ்ந்தது இரண்டு மணி நேரமாக உடம்புக்குள் ஓடிக்கொண்டிருந்த புது மருந்தை.

இன்றைக்கு யாரோ நன்றாகத் திட்டு வாங்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். மேடம் எழுந்து ஸ்டெல்லா அக்காவின் தோளில் கை வைத்தார்.

"சிஸ்டர், இவங்க வேலைக்குப் போகணும்னு நீங்க சீக்கிரம் ஆரம்பிக்கிறீங்க. அதை நிறுத்தாதீங்க. நாங்க சீக்கிரம் வர்றோம்."

விஷயம் புரிந்ததும் ஸ்டெல்லா அக்கா அழுதுவிட்டார். "அந்தப் பொண்ணு நல்லா இருக்கட்டும்னுதானே டாக்டர்…"

"தெரியும். அதனாலதான் எங்க வேலையை மாத்துறேன்."

அடுத்த மாதம் முதல் ட்ரிப் பிள்ளைகளுக்கு லேப் ஆள் விடியற்காலையிலேயே மாடி ஏறவேண்டும், பாட்டிலைத் தொங்கவிடும் முன்பே ரத்தம் எடுக்கவேண்டும் என்று ஆனது. நான் ஏறினேன். உண்மையான நம்பர் வந்தது, பயப்படும் அளவுக்குக் குறைவு. டோஸைக் கூட்டினார்கள். இருமல் குறைந்தது. ஆனால் அதற்குள் நுரையீரலில் ஒரு பகுதி தளர்ந்து பழுதாகியிருந்தது. அது திரும்பாது.

இதன் பிறகுதான் தேவி மறுபடி கர்ப்பமானார்.

பிறந்தது ஆண் பிள்ளை. எங்கள் மருத்துவமனையிலேயே, சிசேரியன். ஆண் என்றால் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று மேடம் முன்பே சொல்லியிருந்தார். பரிசோதித்துப் பார்க்கிறவரை போலியோ சொட்டு வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார். அதில் உயிருள்ள கிருமி இருப்பதால் இந்தக் கோளாறு உள்ள பிள்ளைக்கு ஆகாது, ஊசியாகப் போட்டுக்கொள்ளலாம். நானும் மேடமும் வார்டுக்குப் போனபோது தேவியின் நாத்தனார் கஸ்தூரி தொட்டிலண்டை நின்றிருந்தார். சொட்டு மருந்து போடாமல் நர்ஸ் தாண்டிப் போனதில் கோபம்.

"ஊர்ல எல்லாப் புள்ளைக்கும் சொட்டு போடுறாங்கோ. எங்க வூட்டுப் புள்ளைக்கு மட்டும் இன்னா? இவ ஆத்தா வூட்லேருந்து சீர்வரிசையா இந்த நோயத்தான் கொண்டாந்தா. எங்க வம்சத்துல யாருக்கு கீது இது?"

தேவி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். "டெஸ்ட்டே வேணாம் மேடம்" என்றார், திரும்பாமலே. "தெரிஞ்சிக்கினு இன்னா பண்ணப்போறேன்? இன்னொருவாட்டி அந்தப் பேச்ச கேக்க எனக்குத் தெம்பு இல்ல."

மேடம் தேவியிடம் பேசவில்லை. கஸ்தூரியிடம் திரும்பினார்.

"நீங்க சொல்றது பாதி சரிம்மா. அந்தக் கோளாறு வந்தா இவங்க வழியாத்தான் வரும். மீதிப் பாதியையும் கேளுங்க. இப்போ இந்தக் குழந்தை உடம்புல ஓடுற எதிர்ப்புச் சக்தி அவ்வளவும் இவங்களோடது. வயித்துல இருக்கும்போதே கொடுத்து அனுப்பியிருக்காங்க. இன்னும் சில மாசத்துக்கு இவனைக் காப்பாத்தப் போறது அதுதான். அதுவும் உங்க வம்சத்துலேருந்து வரல."

அதனால்தான் எங்கள் மெஷினால் இந்தப் பிள்ளைக்குப் பயன் இல்லை என்பதையும் மேடம் விளக்கினார். இப்போது ஐ.ஜி.ஜி. போட்டால் அம்மாவுடையதுதான் வரும், எல்லாம் சரியாக இருப்பதுபோல் காட்டும். கிண்டி மெஷினில் அணுக்களை எண்ணினால்தான் தெரியும். "உங்க முடிவுதான் தேவி. நான் கட்டாயப்படுத்தல" என்று சொல்லி நின்றார்.

அப்போது சரண் அப்பாவோடு தம்பியைப் பார்க்க வந்தான். இரண்டு மாடி ஏறிய மூச்சு அவனுக்கு அடங்கவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு இருமினான். இருமி முடித்து, துப்பிவிட்டு வந்து, தொட்டிலை எட்டிப் பார்த்தான்.

"இவனுக்கு மூக்கு என்னுது" என்றான்.

தேவி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேடத்தைப் பார்த்தார்.

"இவனுக்கு இன்னான்னு நாலு வருசம் தெரியாம இருந்துட்டோம் மேடம். அந்த நாலு வருசம்தான் இப்போ இருமுது." எழுந்து உட்கார முயன்றார், வலியில் முகம் சுளித்தார். "எட்த்துக்கினு போங்க சார். இன்னிக்கே எட்த்துக்கினு போங்க."

பிறந்து மூன்றாம் நாள் பிள்ளையின் கையில் நரம்பு நூல் மாதிரி இருக்கும். ஸ்டெல்லா அக்கா பிடித்துக்கொள்ள, நான் எடுத்தேன். ஊதா மூடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம். பஞ்சில் சுற்றி என் டிபன் பாக்ஸுக்குள் வைத்து, தாம்பரத்தில் பீச் ரயிலைப் பிடித்தேன். சித்திரை வெயில். பெட்டி சூடாகக் கூடாது, ஐஸும் கூடாது. ஜன்னல் பக்க வெயில் படாமல் மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன்.

பல்லாவரத்தில் ஏறிய ஒருவர் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே வந்தார். "இன்னா தம்பி, டிபன் பாக்ஸ கட்டிப்புட்ச்சிகினு வர்ற? உள்ள பிரியாணியா?"

"இல்லண்ணா, ரத்தம். பொறந்த கொழந்தையோடது."

அவர் ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். கிண்டி வந்ததும் எனக்கு முன்னால் எழுந்து, "வயி வுடுங்கப்பா, ரத்தம் வருது, ரத்தம் வருது" என்று கத்திக்கொண்டே கதவு வரைக்கும் கூட்டத்தை விலக்கிவிட்டார்.

அங்கே இருந்த டெக்னீஷியன் என் வயதுதான். பக்கத்தில் நிற்க விட்டார். ரத்த அணுக்களுக்கு நிறம் ஒட்டி ஒவ்வொன்றாக வெளிச்சத்தின் குறுக்கே ஓடவிடுவார்கள். ஒவ்வொரு அணுவும் திரையில் ஒரு புள்ளி. ஒரு மூலையில் ஒரு வகை அணுக்கள் எறும்புப் புற்று மாதிரி மொய்த்தன. எதிர் மூலையில்தான் நமக்கு வேண்டியவை விழவேண்டும். நான் அந்த மூலையையே பார்த்தேன். ஒரு புள்ளி விழுந்தது. நான் திரையை நோக்கிக் குனிந்தேன். இன்னும் ஒன்று விழுந்தது. அவ்வளவுதான். எண்ணிக்கை ஓடி முடிந்தது.

"அந்த ரெண்டும் தூசி பாஸ்" என்றார் அவர், மெல்ல.

நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ போனில் சொல்லும் வழக்கம் மேடத்துக்கு இல்லை. நான் திரும்பி வரும்வரை வீட்டுக்குப் போகாமல் காத்திருந்தார். இரண்டு பேரும் மாடி ஏறினோம். எங்கள் முகத்தைப் பார்த்ததுமே தேவிக்குத் தெரிந்துவிட்டது.

"சரணுக்கு கீற மாதிரியேவா?"

"அதேதான்மா."

அழுவார் என்று நினைத்தேன். பிள்ளையைத் தொட்டிலிலிருந்து எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். "எப்போலேருந்து ட்ரிப் போடணும்?"

"நீங்க கொடுத்தது கரையறதுக்கு முன்னாடி. ரெண்டு மூணு மாசத்துல ஆரம்பிச்சிடலாம்."

"அப்போ இவனுக்கு ஒரு நாள்கூட கேட்டு காலியா இருக்காது."

"இருக்கவிட மாட்டோம்."

கஸ்தூரி மூக்கை உறிஞ்சினார். "இவ வேலைக்குப் போனா யாரு இட்டுக்கினு வருவா? எந்த நாளுன்னு சொல்லுங்கோ மேடம், நான் இட்டாறேன்." அன்று முதல் இன்றுவரை ஒரு மாதம்கூட அவர் தவறியதில்லை. வாயும் குறையவில்லை.

சுகந்தி மேடம் போன வருடம் ஓய்வு பெற்றார். விருந்து, சால்வை எதுவும் வேண்டாம் என்றுவிட்டார். டார்ச்சை மட்டும் என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

தம்பி தருணுக்கு இப்போது ஐந்து வயது. இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே கோளாறு, ஒரே மருந்து. ட்ரிப் நாளில் படிக்கட்டில் நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியும். தருண் மாடிக்கு ஓடுவான், மேலே போய் நின்றுகொண்டு "அண்ணா, நீ அவுட்டு!" என்று கத்துவான். சரண் நடுவில் திரும்பும் இடத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நிற்பான். பிறகு ஏறுவான். தருணுக்கு இதுவரை நிமோனியா வந்ததில்லை. நான் வேலை பார்த்ததற்கு என்ன அடையாளம் என்று கேட்டால் அந்த ஓட்டத்தைத்தான் காட்டுவேன். மேடம் கண்டுபிடித்தார், தேவி துணிந்தார், நான் டிபன் பாக்ஸைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் அவர்களுடைய ட்ரிப் நாள். எனக்குக் கடைசி. புது ஏற்பாட்டின்படி பைக்கில் வந்து தானே ரத்தமும் எடுத்துக்கொண்டு போகப்போகும் பையன் பழகிக்கொள்வதற்காக வந்திருந்தான். அவனிடம் முறையைச் சொல்லலாம் என்று நான் மாடி ஏறும்போது கீழே ஒருவர் நிறுத்திப் பேச்சுக் கொடுத்துவிட்டார். நான் வார்டு வாசலுக்குப் போனபோது ஸ்டெல்லா அக்கா பாட்டிலை எடுத்துக்கொண்டிருந்தார். பைக் பையன் பெட்டியை வைத்துவிட்டு நின்றான்.

"சிஸ்டர், நீங்க ட்ரிப்ப போட்டுடுங்க. நான் மத்த வார்டுல முடிச்சிட்டு வந்து எடுத்துக்குறேன்."

ஸ்டெல்லா அக்கா வாயைத் திறப்பதற்குள் சரண் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"அண்ணா, போறதுக்கு முன்னாடியே எடுத்துடுங்க."

"ஏன்டா, எப்ப எடுத்தா இன்னா? அதே ரத்தம்தான?"

"ட்ரிப் போட்டப்புறம் எடுத்தா நம்பர் பொய் சொல்லும்ணா" என்றான் சரண், சட்டைக் கையை மேலே ஏற்றிக்கொண்டே. பக்கத்துக் கட்டிலைப் பார்த்தான். "டேய், நீயும் கைய நீட்டு."

தருண் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, கையை நீட்டினான்.

பைக் பையன் பெட்டியைத் திறந்து ஊசியை எடுத்தான். நான் வாசலிலேயே நின்றுகொண்டேன். உள்ளே போகவேண்டிய தேவை இருக்கவில்லை.